கூலியா, கொடையா? கிருபையைப் பற்றி எங்கள் ஊரில் கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊரின் பெயர் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறி வெகுகாலமாயிற்று. எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் முன்பு பால்மரக்காடு, அதாவது ரப்பர் தோட்டம், இப்போது செம்பனை. வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கள் சின்னச் சபையின் வேதபாட வகுப்பில் பத்துப் பதினைந்து பேர் உட்காருவோம். லுத்தரன், மெத்தடிஸ்ட், பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்கள், சும்மா கேட்டுப் போக வரும் இந்து உறவினர்கள் என்று எல்லாரும் உண்டு. பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: காப்பாற்றுவது கடவுளின் தயவா, நம் உழைப்பா?

நான் போதகர் இல்லை. பால்வெட்டுக்காரர் மகன், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அடிக்கடி வந்த கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வசனங்கள் நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து. இந்தப் பக்கம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்.

கிருபை, இரட்சிப்பு என்கிறீர்களே, முதலில் அதற்குப் பொருள் என்ன?

கிருபை என்பது தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவு. இரட்சிப்பு என்பது பாவத்திலிருந்தும் அதன் முடிவிலிருந்தும் காப்பாற்றப்படுவது. விசுவாசம் என்பது அவரை நம்புவது. கத்தோலிக்கர்கள் இவற்றையே அருள், மீட்பு என்பார்கள்.

எனக்கென்னவோ மீட்பு என்ற சொல்தான் பிடிக்கும். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தால் அம்மாவின் சங்கிலி பாஜாக் கடைக்கு, அதாவது அடகுக் கடைக்குப் போய்விடும். சீருடை, புத்தகம், பஸ் காசு எல்லாம் அதிலிருந்துதான். பல மாதம் கழித்து அப்பா காசு சேர்த்துக்கொண்டு போய் மீட்டு வருவார். கடைக்காரன் பெட்டிக்குள் கிடந்த சங்கிலி தன்னைத் தானே மீட்டுக்கொள்ள ஒன்றும் செய்ய முடியாது. சொந்தக்காரன்தான் விலையோடு வர வேண்டும். பவுல் எபேசியருக்கு எழுதியது இதைத்தான்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" (எபேசியர் 2:8).

யாருக்கும் கெடுதல் செய்யாமல் நல்லவனாக வாழ்ந்தால் போதாதா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் உண்மையிலேயே நல்லவர்கள். அதனால்தான் பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும்.

பால் நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி கனமாகத்தான் இருக்கும். தோட்டத்துக் கணக்கர் கிராணி, மெட்ரோலாக் என்ற அளவுகருவியைப் பாலில் விட்டுப் பார்க்கும்போதுதான் அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். நான் செய்த நல்லவற்றை இப்படிச் சோதித்தால், நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை, பதிலுக்கு ஏதாவது வரும் என்ற கணக்கு, அடுத்தவனைவிட நான் மேல் என்ற நினைப்பு, இவ்வளவு தண்ணீர் கலந்திருக்கும். "எல்லாரும் பாவஞ்செய்து" என்று ரோமர் 3:23 சொல்லும்போது எல்லாரும் கொலைகாரர் என்று சொல்லவில்லை. வாளி நிறைந்திருப்பதால் கணக்கு தீர்ந்துவிடாது என்று சொல்கிறது. அதற்காக நல்லது செய்வது வீண் என்று யாரும் சொல்ல வேண்டாம். பசித்தவனுக்குப் போட்ட சோறு அவன் வயிற்றை நிரப்பத்தான் செய்தது.

முழுநாள் உழைத்தவனுக்கும் ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரே கூலியா? இது என்ன நியாயம்?

மத்தேயு 20-இல் இயேசு சொன்ன கதை. திராட்சத்தோட்டத்துச் சொந்தக்காரன் விடியற்காலையில் ஆள் எடுக்கிறான், நாள் கூலி ஒரு பணம் என்று பேசி. மறுபடி மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணியில் போய் ஆள் எடுக்கிறான். கடைசியாகப் பதினோராம் மணியில், அதாவது நம் கணக்குக்கு மாலை ஐந்து மணிக்கு, இன்னும் சிலரைக் கூட்டி வருகிறான். பொழுது சாய்ந்ததும் கடைசியில் வந்தவனிலிருந்து கூலி கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரு பணம். காலையில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்: "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே."

எங்கள் வகுப்பில் இதை முதல்முறை வாசித்த அன்று ஓர் அக்கா, "யூனியன்ல புகார் குடுத்திருக்கணும்" என்றார். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-லிருந்து கூலிக்காகப் போராடிவரும் நாட்டில் வளர்ந்தவர் வேறு எப்படிப் பேசுவார்? அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. கதை புரிந்தால்தான் கோபம் வரும். கோபமே வராமல் "ஆமென்" சொல்லிப் போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம்.

சரி, கதைக்கு வருவோம். காலையில் வந்தவனுக்கு ஒரு சென்கூடக் குறையவில்லை. பேசிய கூலி கைக்கு வந்தது. அவன் வருத்தம் தனக்குக் குறைந்ததில் இல்லை, அடுத்தவனுக்குக் கிடைத்ததில். இன்னொன்று, மாலை ஐந்து மணிவரை சும்மா நின்றவர்களை ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன பதிலைப் பாருங்கள்: "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." சோம்பேறிகள் என்று கதை சொல்லவில்லை. யாரும் கூப்பிடாத ஆட்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றும் கங்காணியின் கண்ணில் படாமல் போன கிழவர்களையும் நோஞ்சான்களையும் நம் பாட்டிமார் பார்த்திருப்பார்கள். அந்த ஒரு பணம் அன்றைக்கு ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. அதைப் பன்னிரண்டாகப் பிரித்து ஒரு பங்கு கொடுத்தால் வீட்டில் உலை எப்படி வைப்பது? மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை என்று வாழ்ந்த வீட்டில் பிறந்த எனக்கு அந்தச் சொந்தக்காரன் கணக்குத் தெரியாதவனாகப் படவில்லை. அவன் வீட்டு அடுப்பைப் பார்த்துக் கொடுத்திருக்கிறான். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" என்று கேட்டான்.

நமக்குக் கிருபை சட்டென்று புரியாததற்கு நம் முன்னோரின் வாழ்க்கையே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். காலைப் பெரட்டில் நிற்காதவனுக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலி கிடையாது. தாமதமாகப் போனால் அரைப் பேர், அதாவது பாதிக் கூலி. இனாமாக ஏதாவது வந்தாலும் அதன் பின்னால் ஒரு கணக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து கூட்டிவந்த கங்காணி முன்பணமாகக் கொடுத்த கப்பல் காசுகூடக் கடனாகத்தான் பதிவானது. இப்படி மூன்று தலைமுறை வாழ்ந்தவனிடம் போய் "இலவசம்" என்று சொன்னால், "எவ்வளவு வட்டி?" என்றுதான் கேட்பான். பவுலுக்கும் இந்தப் பாஷை தெரியும், கிரியை என்று அவர் சொல்வது நாம் செய்யும் செயலை: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்" (ரோமர் 4:4). கூலி முதலாளி தர வேண்டிய கடன். ஈவு அப்படி இல்லை.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இந்தக் கதையைக் காட்டி ஆட்களின் கூலியைக் குறைக்க நினைக்கும் முதலாளி யாக்கோபு 5:4-ஐ வாசிக்கட்டும். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் குரல் கர்த்தரின் காதில் விழுந்துவிட்டது என்றும் அங்கே எழுதியிருக்கிறது.

கிரியை வேண்டாம் என்கிறார் பவுல், கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. யாரை நம்புவது?

இந்த முரண் புதிதில்லை. லுத்தரன் சபைகளுக்கு முன்னோடியான மார்ட்டின் லுத்தருக்கே யாக்கோபின் நிருபம், அதாவது கடிதம், ஒத்துவரவில்லை. 1522-இல் தம் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் அதை வைக்கோல் நிருபம் என்றார். ஆனாலும் வேதாகமத்திலிருந்து எடுத்துப் போடவில்லை.

இரண்டு பேரும் ஆபிரகாமையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள், ஆனால் அவர் வாழ்க்கையின் வேறு வேறு இடங்களிலிருந்து. பவுல் எடுப்பது ஆதியாகமம் 15. ஈசாக்கு இன்னும் பிறக்கவே இல்லை, ஆபிரகாம் வாக்குறுதியை நம்புகிறார், அவ்வளவுதான், நீதிமான் என்று எண்ணப்படுகிறார். யாக்கோபு எடுப்பது ஆதியாகமம் 22. அந்த ஈசாக்கு வளர்ந்து, பலிபீடத்தில் கிடத்தப்படும் இடம். முதலாவது கதவுக்குள் வந்த நாள், இரண்டாவது அந்த வீட்டில் பல வருஷம் வாழ்ந்தவன் எப்படி இருக்கிறான் என்று பார்க்கும் நாள்.

எதிராளிகளும் வேறு. பவுல் பேசுவது விருத்தசேதனமும் நியாயப்பிரமாணமும் இருந்தால்தான் உள்ளே வரலாம் என்றவர்களிடம். யாக்கோபு பேசுவது, துணியும் சாப்பாடும் இல்லாமல் நிற்கிறவனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டு, விசுவாசம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டவர்களிடம். இரண்டாவது வகை ஆட்கள் எங்கள் ஊரில் அதிகம். நானும் அதில் ஒருவனாகப் பல நாள் இருந்திருக்கிறேன்.

எல்லாம் கிருபைதான் என்றால், நாம் முயற்சி செய்வது எதற்கு?

பால்வெட்டுகிறவன் பாலை உண்டாக்குவதில்லை. பாலை மரம் தருகிறது. ஆனால் நாலு மணிக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டி, பட்டையை அளவாகச் சீவி, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை நிமிர்த்தி வைக்க ஓர் ஆள் வேண்டும். கிருபையும் முயற்சியும் சேர்வது எப்படி என்று என் அப்பா வெட்டிய மர நிரையைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

இதை வகுப்பில் சொன்னபோது, லுத்தரன் அண்ணன் ஒருவர் விடவில்லை. "வெட்டாவிட்டால் பால் வராதே, அப்ப பாதி வேலை நம்மளுதுன்னு ஆகிடுதே வாத்தியாரே" என்றார். நியாயமான அடி. உவமை அந்த இடத்தில் உடைகிறது. மன்னிக்கப்படுவதற்கு நான் எதையும் சீவவில்லை. மன்னிக்கப்பட்டபிறகு வாழும் வாழ்க்கைக்கு வேண்டுமானால் அந்த உவமை பொருந்தும்.

எபேசியர் 2:8-ஐ மனப்பாடம் செய்தவர்கள் பலர் 10-ஆம் வசனத்துக்கு வருவதில்லை. நற்கிரியைகளைச் செய்யும்படி நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது அது. கிரியை*யால்* இல்லை, கிரியை*க்காக*. தமிழில் ஒரு வேற்றுமை உருபு மாறுவதில் அத்தனை சண்டையும் அடங்கிவிடுகிறது. பிலிப்பியர் 2:12 "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்கிறது. அடுத்த வசனமே, அந்த விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது. பவுல் தன்னைப் பற்றிச் சொன்னது இன்னும் அழகு. மற்ற அப்போஸ்தலர் எல்லாரையும்விட அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்கிறார், உடனே, "ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே" என்று திருத்திக்கொள்கிறார் (1 கொரிந்தியர் 15:10). கடுமையாக உழைத்த ஒரு மனிதன் கூலிச்சீட்டைக் கிழித்துப் போடுவதுபோல் இருக்கிறது.

மீட்ட சங்கிலியை அம்மா பெட்டியில் பூட்டி வைக்கவில்லை, கழுத்தில்தான் போட்டுக்கொண்டார்.

கத்தோலிக்கர்கள் கிரியையால் இரட்சிப்பு என்று போதிக்கிறார்களாமே?

என் மருமகளின் அம்மா கத்தோலிக்கர். தினமும் மாதாவிடம் ஜெபமாலை சொல்வார். அவரிடம் போய் "புண்ணியம் சேர்க்கிறீர்களா சம்பந்தி?" என்று கேட்டால், "அம்மாகிட்ட பேசிட்டிருக்கேன்" என்பார்.

வரலாறு இதுதான். 1517-இல் லுத்தர் பாவமன்னிப்புச் சலுகைகளின் விற்பனையை எதிர்த்து 95 கருத்துகளை எழுதினார். மனிதன் நீதிமானாக்கப்படுவது விசுவாசத்தினால் மட்டுமே என்பது அவர் இயக்கத்தின் நடுத்தூண் ஆயிற்று. கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து பொதுச்சங்கத்தில் 1547-இல் பதில் சொன்னது. "விசுவாசம் மட்டுமே" என்ற பேச்சை அது மறுத்தது. ஆனால் அதே தீர்மானத்தின் முதல் விதி, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் ஒருவன் கடவுள் முன் நீதிமான் ஆகலாம் என்று சொல்பவனையும் கண்டிக்கிறது. நம் பிரசங்க மேடைகளில் இந்தப் பாதி வருவதே இல்லை.

அப்புறம் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உலக லுத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்கிறார் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். 2006-இல் மெத்தடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்த சபைகளும் இதில் இணைந்தார்கள். வேறுபாடு முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. நீதிமானாக்கப்படுவது கடவுள் தரும் தீர்ப்பா, உள்ளே நடக்கும் மாற்றமுமா என்பதில் இன்னும் அழுத்தம் மாறுகிறது. ஆனாலும் கல்யாணப் பேச்சில் "அவங்க கிரியைக்காரங்க" என்று சொல்லி ஒரு பெண்ணைத் தட்டிக்கழிக்கும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

நம்புவதும் ஒரு முயற்சிதானே? அப்படியானால் அந்த அளவுக்காவது நம் பங்கு இருக்கிறதே?

வகுப்பிலேயே கூர்மையான பையன் கேட்ட கேள்வி. இதற்கு முழுப் பதில் வைத்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் என்பவர், மனிதன் தன் சித்தத்தால் பாவமில்லாமல் வாழ முடியும் என்ற பக்கம் சாய்ந்தார். அகுஸ்தீன் எதிர்த்தார். 418-இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியுஸின் போதனையைத் தள்ளியது. பிறகு, "சரி, முழுக்க இல்லை, தொடக்கம் மட்டும் நம்முடையது" என்று சிலர் நடுவழி பார்த்தார்கள். 529-இல் ஒராஞ்சு சங்கம் அதையும் ஏற்கவில்லை, நம்பத் தொடங்குவதே அருளின் வேலை என்றது. சீர்திருத்த சபைகளின் முன்னோடி கால்வினின் வழியினர் இதைக் கடைசிவரை இழுத்து, கடவுள் தெரிந்துகொண்டவர்களே நம்புகிறார்கள் என்றார்கள். மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியோ, எல்லா மனிதருக்கும் முன்கூட்டியே ஒரு கிருபை தரப்படுகிறது, அது தரும் பலத்தில் ஒருவன் ஏற்கவும் மறுக்கவும் முடியும் என்றார்.

நம் வைணவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. வடகலையார் குரங்குக்குட்டி என்பார்கள்: தாய் தாவும்போது குட்டி வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்கலையார் பூனைக்குட்டி என்பார்கள்: தாய் கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா தொங்கும். கால்வின் பூனைக்கட்சி. வெஸ்லியைக் குரங்குக்கட்சி என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் பிடிக்கும் கைக்கே பலம் தாய் தந்தது என்று அவர் சேர்த்துக்கொள்வார். நான் பிறந்தது மெத்தடிஸ்ட் வீட்டில். வயது ஏற ஏறப் பூனைப்பக்கம் சாய்கிறேன். பிடியில் பலம் குறைகிறது இல்லையா.

என் அண்ணன் பத்துமலையில் காவடி எடுக்கிறார். அவர் விரதமெல்லாம் வீண் என்று நான் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கிறவரிடம், ஒருவேளை உபவாசத்துக்கே பதினோரு மணிக்குக் கடிகாரம் பார்க்கிற நாம் என்ன சொல்ல? நேர்த்திக்கடன் நம்மிலும் உண்டு. ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவில் மெழுகுவத்தியோடு நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். இந்துக்களும் நிற்பார்கள்.

சைவத்தில் எல்லாம் முயற்சி, கிறிஸ்தவத்தில் எல்லாம் அருள் என்று பிரித்துப் பேசுவதும் தப்பு. "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்று மாணிக்கவாசகர் பாடியிருக்கிறார். வேறுபாடு இருக்கும் இடம் வேறு. கிருபை இயேசுவின் சிலுவையிலும் உயிர்த்தெழுதலிலும் ஒரே தரமாக வெளிப்பட்டது என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். அண்ணன் கேட்டால் அதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றுங்கள்.

காணிக்கை அதிகம் கொடுத்தால் ஆசீர்வாதம் அதிகம் வருமா?

வராது. ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், விதை போட்டால்தான் அறுவடை என்று சொல்லி உறையை நீட்டினார். என் மனைவி வீட்டுவாடகைக்கு வைத்திருந்த இருநூறு ரிங்கிட்டைப் போட்டுவிட்டாள். அந்த மாதம் வாடகைக்கு நான் அலைந்ததுதான் அறுவடை. கொடுங்கள், சந்தோஷமாகக் கொடுங்கள். ஆனால் அது நன்றி, பாஜாக் கடை ரசீது இல்லை.

எப்படியும் மன்னிப்பு உண்டு என்றால், இஷ்டத்துக்கு வாழ்ந்துவிட்டுக் கடைசியில் மனந்திரும்பினால் போச்சு, இல்லையா?

"கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?" என்று ரோமர் 6:1-இல் பவுலே கேட்டு, கூடாதே என்று முடித்துவிட்டார். சிலுவையில் தொங்கிய கள்ளன் கடைசி நேரத்தில் கேட்டான், அன்றைக்கே பரதீசு கிடைத்தது, உண்மை (லூக்கா 23:43). ஆனால் அவன் திட்டம் போட்டுக்கொண்டு சிலுவைக்கு வரவில்லை.

எனக்குப் போதுமான விசுவாசம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விசுவாசத்தை நிறுக்கத் தொடங்கினால் அதுவும் ஒரு பால்வாளி ஆகிவிடும். மாற்கு 9:24-இல் ஒரு தகப்பன் அழுதுகொண்டே, விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்கிறான். பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். இயேசு அவன் பிள்ளையைக் குணமாக்கினார்.

எங்கள் சபையில் ஒரு பாட்டி இருந்தார். நாற்பது வருஷம் பால்வெட்டு, அறுபது வயதுக்குமேல்தான் ஞானஸ்நானம். கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்கப் போயிருந்தேன். "நான் சாமிக்குன்னு ஒன்னும் செய்யலையே வாத்தியாரே, ரொம்ப லேட்டா வந்துட்டேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன வாசிக்கட்டும் பாட்டி என்றேன். அந்தத் தோட்டக்காரன் கதையைப் படி என்றார். வாசித்தேன். அஞ்சு மணிக்கு வந்தவன் இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவனுக்குப் பேரு போட்டாங்களா?"

"போட்டாங்க பாட்டி."

"அரைப் பேரா?"

"இல்ல பாட்டி, முழுப் பேரு."

கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரி, அந்த மைலோவ எடு, ஆறிப்போகுது" என்றார்.